கல்விளக்கு எண்ணெய்

அசையக் கூடாது. மூச்சை வாயால் விட்டால் சத்தம் வரும், மூக்கால் விடலாமென்றால் மூக்கு அடைத்திருக்கிறது, இந்தக் கோத்தகிரிப் பனியில் விடியற்காலை யாருக்கு மூக்கு திறந்திருக்கிறது. கரடி என்னைப் பார்த்துவிட்டது. பார்த்தது, மோந்தது, பிறகு இவன் ஒரு பொருட்டில்லை என்று கல்விளக்கின் பக்கமே திரும்பிக்கொண்டது. இரண்டு கையாலும் விளக்குத் தூணைக் கட்டிப்பிடித்து நிற்கிறது, சின்னப் பிள்ளை அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. கோவில் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நான், எனக்குப் பின்னால் முள்வேலி, எனக்கு முன்னால் அது, தோட்டத்து லயத்து வீடுகளுக்கு இறங்குகிற பாதை அதன் முதுகுக்குப் பின்னால். ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில் போன், கேமராவைத் திறந்து வைத்த போன், அதன் வெளிச்சம் என் முகத்திலேயே அடிக்கிறது, அணைக்க ஒரு விரலை அசைக்க வேண்டும், அந்த ஒரு விரலை அசைக்க எனக்குத் தைரியம் இல்லை. கல்விளக்கு எண்ணெயைத் திருடுகிறவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவன் நான். கம்பளி போர்த்திய உருவம் ஒன்று பனிக்குள் நின்று விளக்கைத் தொடுவதைப் பார்த்ததும் நெஞ்சு எவ்வளவு குளிர்ந்தது. "மாட்டுனியா செவனம்மா" என்று எவ்வளவு ஆசையாகக் கத்தினேன். உருவம் திரும்பியது. கம்பளி கம்பளியாக இல்லை. நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு, நீண்ட மூஞ்சி, அதன் நுனியிலிருந்து நல்லெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கரடியைப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். அதுவும் அந்தப் பேரை.

ஓடக் கூடாது, ஓடினால் துரத்தும். மரம் ஏறக் கூடாது, அதுவும் ஏறும். கரடி மூஞ்சியைத்தான் பிடிக்கும் என்பார்கள். மேல் லயத்துச் சின்னப்பன் தேயிலைக்குள் குனிந்தவன் நிமிரும்போது ஒரு பக்கக் கன்னம் இல்லை. இன்றைக்கும் டீக்கடையில் துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் டீ குடிக்கிறான். நான் அவனுக்கு எதிரில் உட்கார மாட்டேன், எனக்கு டீ இறங்காது. என் முகமும் அப்படி ஆகிவிட்டால் எனக்கு எதிரில் யார் உட்காருவார்கள். தெய்வானை உட்காருவாள், கட்டிக்கொண்ட பாவத்துக்கு உட்காருவாள். செவனம்மா உட்காருவாள். சின்னப்பனுக்கு எதிரில் உட்கார்ந்து "என்ன மாமா, டீ ஆறிப்போச்சு பாருங்க" என்று சாதாரணமாகப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். ஏன் மறுபடி அவள் பேரே வருகிறது, கரடியை நினை, கரடியின் நகத்தை நினை, தூணைப் பிடித்திருக்கிற அந்த நகம் ஒவ்வொன்றும் வெற்றிலைப் பாக்குக்காரன் பாக்குவெட்டி மாதிரி வளைந்திருக்கிறது. தொடையில் என்னவோ சூடாக இறங்குகிறது. கரடி தொட்டுவிட்டதோ, ரத்தமோ என்று பயந்தேன். ரத்தமில்லை. குளித்து உடுத்திய வேட்டி, அம்மனுக்கு எதிரில், ஐம்பதைத் தாண்டிய பூசாரி. நல்லவேளை யாரும் பார்க்கவில்லை. அப்படியே இது என்னைப் பிராண்டிப் போட்டுவிட்டுப் போனால் பெரட்டுக்களத்தில் என்ன பேசிக்கொள்வார்கள்? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் அங்கேதானே கூடுவார்கள். "நம்ம வேலாயுதம், ஃபேக்டரியில கொழுந்து வாட்டுவாரே, கோவில் பூசாரி, அம்மன் விளக்கைக் காக்கப் போயி உசுர விட்டுட்டாரு" என்பார்கள். யாராவது மாலை வாங்கி வருவார்கள். எழவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பவளும் அவள்தான், எந்தச் சாவுக்கும் அவள்தான் முதலில் வருவாள். எனக்கும் வருவாளா. வருவாள். அதுதான் தாங்கவில்லை, கரடியைவிட அது தாங்கவில்லை.

சர்ர்ர் என்று உறிஞ்சுகிறது. காசு கொடுத்து வாங்கின மாதிரி நிதானமாக உறிஞ்சுகிறது. ஏதோ உதட்டில் தட்டியது போலும், நிறுத்திவிட்டது. தலையைச் சாய்த்து, நீண்ட உதட்டால் திரியைப் பற்றி, அம்மா, திரியைத் தூக்கி விளக்கின் விளிம்பில் வைக்கிறது. துப்பவில்லை, எறியவில்லை, வைக்கிறது. திரியை வைத்துவிட்டு மறுபடி உறிஞ்சுகிறது. நான் பார்த்துவிட்டேன், பார்த்திருக்க வேண்டாம். திரிதான் என் சாட்சியே. கூட்டத்தில் எழுந்து நின்று எவ்வளவு விவரமாகப் பேசினேன். "கரடி வந்தா கதவு இருக்காதுப்பா. ரேஷன் கடை ஷட்டரைக் கிழிச்சதைப் பாத்தோம், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கதவ ஒடச்சதைப் பாத்தோம். இங்க ஒரு அகல்கூட ஒடையல. எந்த மிருகம் திரிய எடுத்து ஓரமா வெச்சிட்டு எண்ணெயைக் குடிக்கும்? இது கை வெச்ச வேல." எல்லோரும் தலையாட்டினார்கள். கோவில் தலைவர் மருதப்பன் "பூசாரி சொல்றது ஞாயந்தானே" என்றார். அந்த ஞாயத்தில் எனக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது, ஃபேக்டரியில் நான் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள், வாட்டும் தட்டில் கொழுந்தைப் பரப்பு என்றால் பரப்புவேன், அள்ளு என்றால் அள்ளுவேன், கோவில் கூட்டத்தில் மட்டும்தான் நான் பேசினால் நாற்காலியில் இருப்பவன் தலையாட்டுவான். இது கிழட்டுக் கரடி. முதுகில் ரோமம் கொட்டித் தோல் தெரிகிறது. கதவை உடைக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. இதற்கு என்ன தெரியும், பசிக்குத் திறந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது, குடிக்கிறது. கை வெச்ச வேலை என்றேனே, எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லையே, நான் சொல்வதற்குமுன் எல்லோரும் ஒரே பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்கள். கோவிலை ஒட்டின கடைசி வீடு, செவனம்மா வீடு. புருஷன் இல்லாதவள். விடியுமுன் வந்து வாசல் கூட்டித் தண்ணீர் தெளிக்கிறவள். அதற்கு யாரும் அவளுக்குக் கூலி கொடுத்ததில்லை, யாரும் செய்யச் சொன்னதும் இல்லை. போதாததற்கு நான் தெய்வானையை அனுப்பினேன், பக்கத்தில் போய் நின்று அவள் தலையை மோந்து பார்த்து வா என்று. அவளும் போனாள், பேன் பார்க்கிற சாக்கில் மோந்துவிட்டு வந்தாள். "நல்லெண்ணெய் வாசந்தாங்க." வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காத பெண் இந்த லயத்தில் யார். தெய்வானை தலையிலேயே அந்த வாசம்தான் அடித்தது, நான் அதையும் மோந்துகொண்டுதான் "பாத்தியா, நான் சொல்லல?" என்றேன்.

சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னோம். அது ஊர் வழக்கம், நான் ஒன்றும் புதிதாகக் கொண்டுவரவில்லை. பண்ணினாள். கை கொஞ்சம் சுட்டது. சுடத்தான் செய்யும், நெருப்பு என்றால் சுடாதா. மறுநாள் காலையில் விளக்கு மறுபடி காய்ந்து கிடந்தது. நல்லவள் ஒருத்தி சத்தியம் பண்ணியபின் அம்மன் விளக்கைக் காயவிடுவாளா, பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கிறாள், அதுதான் கையும் வெந்துபோயிற்று என்று நான் சொன்னேன், ஒருத்தரிடம்தான் சொன்னேன், தெய்வானையிடம், லயம் முழுக்கச் சொல்ல அது போதும். அதிலிருந்து தேயிலைக் காட்டில் அவள் நிரைக்குப் பக்கத்து நிரையில் யாரும் கொழுந்து எடுப்பதில்லை. அவள் குடத்துத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. ஆடிக் கூழை அவள் தூக்கில் ஊற்றும்போது கரண்டி நின்றுவிட்டது, அவள் தூக்கை மூடிக்கொண்டு போய்விட்டாள். கரடி இப்போது இறங்கிவிட்டது, நாலு காலில் நிற்கிறது, இந்தப் பக்கம் வருமோ, வராதே, மாரியம்மா, வராதே என்று சொல்லு. மண்ணை மோந்து பார்க்கிறது. சிந்தின துளியை நக்குகிறது. சுத்தமான பிராணி, செவனம்மாகூட இவ்வளவு சுத்தமாகத் துடைக்க மாட்டாள். கட்டிச் சூடம் வைத்தேன். வழக்கமாக வில்லைதான், நகத்தளவு வில்லை, ஒரு தட்டில் அணைந்துவிடும். வில்லை தீர்ந்துபோயிருந்தது. இல்லை, தீரவில்லை. டப்பா நிறைய இருந்தது. கட்டிச் சூடத்தை எடுத்து நானே உடைக்காமல் வைத்தேன். பெரிய விஷயம், பெரிய சூடம், அப்படித்தான் நினைத்தேன், வேறு எதுவும் நினைக்கவில்லை. பக்கத்தில் நின்ற மருதப்பன்கூட "என்ன பூசாரி, பெருசா இருக்கே" என்று முணுமுணுத்தார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மனைப் பார்த்து, "நான் எடுத்திருந்தா இந்தக் கை எனக்கு வேணாம் தாயே" என்று சொல்லி உள்ளங்கையை வைத்தாள்.

திரும்பிப் பார்க்கிறது. கண் சின்னக் கண், அந்த உடம்புக்குப் பொருந்தாத கண், சரியாகப் பார்வை தெரியாது போலிருக்கிறது, மூக்கால்தான் என்னைப் பார்க்கிறது. என் வேட்டி ஈரத்தையும் மோந்திருக்கும். என்னைப்பற்றி இப்போது எல்லாம் தெரிந்த உயிர் இந்த மலையில் இது ஒன்றுதான். போய்விடு. எண்ணெய் தீர்ந்துவிட்டதே, இன்னும் என்ன. இங்கே வழக்கம் என்னவென்றால், பூசாரி "போதும்" என்று சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது. சட்டென்று சொல்லிவிடுவது வழக்கம். கை பட்டதும் சொல்லிவிடுவது. எங்கள் அப்பா பூசாரியாக இருந்தபோது கை படுமுன்பே சொல்லிவிடுவார், ஆளும் சிரித்துக்கொண்டு எழுந்துவிடுவான். நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அழுவாள், கெஞ்சுவாள், ஒத்துக்கொள்வாள் என்று பார்த்தேன். நெருப்பு அவள் கைக்குக் கீழே அணையாமல் ஓரத்தில் நீலமாக எட்டிப் பார்த்தது. புகை வந்தது, சூடத்தின் புகை மட்டும் இல்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மனைப் பார்க்கவில்லை. நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஐயோ, எனக்கு அது பிடித்திருந்தது. இதுதான், சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து முட்டுகிறேன், தூங்கும்போதும் முட்டுகிறேன், அவள் திருடி என்று நிரூபித்துவிட்டால் இந்த இடத்தில் முட்ட வேண்டியதில்லை என்றுதான் பனியில் வந்து பதுங்கினேன். மருதப்பன்தான் கடைசியில் "போதும் பூசாரி" என்றார். நான் சொல்லவில்லை. நான் சொல்லவே இல்லை.

கரடி போய்விட்டது. எப்போது போனது என்று பார்க்கவில்லை. தேயிலைச் செடி ஒன்று கீழே ஆடியது, அதற்கும் கீழே இன்னொன்று, பிறகு சோலைப் பக்கம் பனிதான். சிவபூஜையில் கரடி புகுந்த மாதிரி என்பார்கள், இங்கே அது பாட்டுக்குப் பூஜை பண்ணிக்கொண்டிருந்தது, நான்தான் புகுந்தேன். கால் மரத்துவிட்டது. போனை அணைத்தேன், இப்போது விரல் நன்றாகவே அசைகிறது. நான் பார்த்தது யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. இன்றைக்குப் பெரட்டில் செவனம்மா குடும்பத்து விளக்கு முறையை நிறுத்தப் போகிறார்கள். லயத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாள் முறை, அன்றைக்கு அந்த வீட்டு எண்ணெயில்தான் கல்விளக்கு எரியும். முறை போனால் கோவில் போயிற்று, கல்யாணத்துக்கு அம்மன் மாலை வராது, சாவுக்குத் தப்பு மேளம் அடிக்க ஆள் வராது. "சாட்சி ஒண்ணு காட்டிருங்க பூசாரி, அப்புறம் நான் பேசிக்கிறேன்" என்று மருதப்பன் சொல்லியிருக்கிறார். சும்மா போய், பனியில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லலாம். அதுகூடப் பொய்யில்லை, பனி இருந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளலாம், அதற்குள் கரடி எங்காவது எவர் கண்ணிலாவது பட்டுவிடும், தானாகத் தெரிந்த மாதிரி இருக்கும், என் பேர் இதில் வராது. இறங்குகிற வழியெல்லாம் இதையே நினைத்தேன். தொட்டித் தண்ணீரை அள்ளி வேட்டியில் ஊற்றிக்கொண்டுதான் இறங்கினேன், அது மட்டும் மறக்கவில்லை, முழுக்க நனைந்தால் எது எந்த ஈரம் என்று யாருக்குத் தெரியும். பாதி வழியில் நின்றேன். சொல்லாவிட்டால் நாளைக்கு எப்படி அந்த விளக்கில் திரி போடுவேன். சொல்லிவிடு. சொன்னால் எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பார்க்கத்தான் வேண்டும், காறித் துப்பட்டும். அப்படி நினைத்ததும் நெஞ்சு லேசானது, உண்மையாகவே ஆனது, கால் தானாக வேகமெடுத்தது.

பெரட்டுக்களத்தில் பெண்கள் செடி குத்தாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையை முதுகுக்கு மாட்டிக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் இன்னும் வரவில்லை. செவனம்மா வழக்கம்போலத் தள்ளி, டீசல் டிரம் பக்கம் நின்றாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது, இடது கையாலேயே படங்கை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மருதப்பனிடம் போய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கரடிங்க" என்றேன். "என்ன பூசாரி, காலங்காத்தால கரடி விடறீங்க" என்றார் அவர், எல்லோரும் சிரித்தார்கள். "சத்தியமா கரடிங்க. கல்விளக்கக் கட்டிப்புடிச்சு நின்னு குடிக்குது. திரிய அதுவே எடுத்து ஓரமா வெக்குது. என் கண்ணால பாத்தேன்." சிரிப்பு நின்றது. என் முகத்தையும் நனைந்த வேட்டியையும் பார்த்தார்கள், "தொட்டித் தண்ணி மேல கொட்டிருச்சு" என்று யாரும் கேட்காமலே சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று நின்றேன். மருதப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா, உன் லீலையே லீல" என்றார். "வாயில்லா ஜீவன், பசிச்சு வந்திருக்கு. அது குடிச்சா அம்மன் குடிச்ச மாதிரி. யாரும் ஃபாரஸ்ட்காரங்களுக்குச் சொல்லிராதீங்கப்பா, கூண்டு வெச்சுப் புடிச்சிட்டுப் போயிருவாங்க, பாவம்." வயசான கரடிங்களா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன், முதுகில் முடிகூட இல்லை என்றேன், ஐயோ பாவம் என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. தெய்வானை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு நம்ம முறதானே, ஒரு கரண்டி சேத்து ஊத்தறேன், வந்து குடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள். எல்லோருக்கும் சந்தோஷம். அது எப்படி நிற்கும், எப்படி உறிஞ்சும் என்று என்னைக் கேட்டார்கள், நான் தூணைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி கையை வைத்து உதட்டை நீட்டிக் காட்டினேன், சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எதற்காக அங்கே பதுங்கி நின்றேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முகத்தைத் துப்பக் கொடுக்க வந்தவன் கரடி வேஷம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மருதப்பனுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. டிரம் பக்கம் திரும்பி, "செவனம்மா, நீயும் மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. உன் முற உனக்குத்தான். இனி வழக்கம்போல வந்து வாசக் கூட்டு" என்றார். சின்னப் பிள்ளைகள் சண்டையைத் தீர்த்து வைக்கிற குரலில் சொன்னார். அவள் சரிங்க என்று தலையாட்டினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது, ஆமாம், அவ்வளவு வெட்கங்கெட்டவன் நான், அப்பாடா என்றிருந்தது. அவள் கூடையை எடுத்து முதுகுக்கு மாட்டிக்கொண்டு கூட்டத்தைத் தாண்டி வந்தாள், பெண்கள் வழிவிட்டார்கள், இரண்டொருத்தி அவளைத் தொட்டுத் தட்டிக்கொடுக்கப் பார்த்தார்கள். எனக்கு எதிரில் வந்து நின்றாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது.

"அண்ணே," என்றாள், "கரடின்னா பரவால்லையா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, சூப்பர்வைசர் வந்து பேர் வாசிக்க ஆரம்பித்த பின்னும், நான் என்ன சொல்வேன் என்று நின்றுகொண்டிருந்தாள்.